ஜன்னலில் காத்திருந்தவள்

கனடாவிலிருந்து வந்திருந்த பெரியவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. டூகல் குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான். அழுகிறவர்கள் முன்னால் எந்தச் சுருதியில் பேச வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி.

"மகன் கப்பலேறிப் போன அன்னைக்கு ஏத்தி வெச்ச விளக்கு ஐயா. அப்புறம் நாப்பது வருஷம், ஒரு நாள்கூட அணையல."

சுவரில் இருந்த புகைப்படத்தைக் காட்டினான். தாழ்ந்த கூரையோடு ஒரு கல்வீடு, சின்ன ஜன்னல், ஜன்னலுக்குள் ஒரு பெண் முகம். இன்வர்லூரி கிராமத்துக் காட்சியறையில் அடியில் பெயர் எழுதாத படம் அது ஒன்றுதான். ஆகவே டூகலுக்கு ரொம்பப் பிடித்த படமும் அதுதான். உள்ளே வந்ததுமே "இது எங்க வீடாச்சே" என்று பெரியவர் அதன் முன்னால் நின்றுவிட்டார். அவரை நாற்காலியில் உட்காரவைத்த டூகல் அதற்குமேல் பேச விடவில்லை.

மூலையில் காலுறை பின்னிக்கொண்டிருந்த மர்டினா ஊசியை நிறுத்தினாள். "டூகல், அந்தப் படத்தை விட்டுடு."

"அவர் குடும்பத்து வீடு மர்டினா. தெரிஞ்சுக்கட்டுமே, பாவம்."

மர்டினா அன்று பின்னுவதற்காக வரவில்லை. காட்சியறைச் சாவி இனியும் டூகலிடம் இருக்கலாமா என்று பார்த்து வரச் சொல்லி ஊர்க் கமிட்டி அனுப்பியிருந்தது. அது டூகலுக்கும் தெரியும். போன கோடையில் முன்னோர்களைத் தேடி வந்த ஒரு குடும்பத்தைப் பழைய குலத்தலைவன் ஒருவனின் நேர் வாரிசு என்று சொல்லி அனுப்பிவிட்டான். அந்தத் தலைவன் பால்பல் விழும் முன்பே செத்துப்போனவன்.

கிளாஸ்கோவிலிருந்து வந்து பதினைந்து வருடமாகியும் டூகல் இந்த ஊருக்குப் 'புதுசா வந்த பையன்'தான். கழுத்துக் கயிற்றில் தொங்கிய அந்தச் சாவி ஒன்றுதான் அவனை ஊர்க்காரனாக்கி வைத்திருந்தது. அது போனால் அவன் வெறும் கிளாஸ்கோக்காரன்.

சொந்த வம்சத்தையும் தேடிப்பார்த்தவன்தான். மூன்றாவது தலைமுறையிலேயே ஒரு கோழித் திருடன் எதிரே வந்து நின்றதால் அதோடு திரும்பிவிட்டான். மற்றவர்களுக்காவது நல்ல முன்னோர்களாகப் பார்த்துக் கொடுப்போம் என்று அன்றைக்கே முடிவு செய்தான். குளிர்காலம் முழுக்கத் தடித்தடியான ரஷ்ய நாவல்களைப் படித்துத் தீர்ப்பவனுக்குச் சோகத்துக்கா பஞ்சம்?

வெளியே கார் ஹாரன் நீளமாக ஒலித்தது.

"கார்ல ஆள் இருக்கு," என்றார் பெரியவர், கைக்குட்டையை எடுக்காமலே. "காத்திருக்கிறதுன்னா அவங்களுக்கு ஆகவே ஆகாது. நீங்க சொல்லுங்க தம்பி. அந்தப் பையன் ஒரு கடுதாசிகூடப் போடலையா?"

"ஒண்ணுகூட இல்ல."

"படுபாவி!" தோள்கள் மறுபடி குலுங்கின. "புருஷன்?"

புருஷனைப் பற்றி டூகல் அதுவரை யோசித்திருக்கவில்லை. வெளியே பார்த்தான். மழைக்கு அப்பால் கடல் தெரிந்தது.

"கடல் கொண்டுபோயிடுச்சு."

"அடடா. நீச்சல் தெரியாதோ?"

"தெரியும். அலை பெருசு."

மர்டினா இருமினாள். "டீ ஆறுது டூகல். குடுத்து, அவரை அனுப்பி வை."

சாவி போய்விடுமோ என்றிருக்கும் நேரத்தில் டீயாவது, ஒன்றாவது! டூகல் எழுந்து நின்றான். கடைசிக் காட்சியை அவன் எப்போதும் நின்றுகொண்டுதான் சொல்வான்.

"ஒரு நாள் விடியக்காலை, நல்ல பனி. விளக்கு அணைஞ்சு கிடந்துச்சு. ஊரே ஓடிப்போய்ப் பாத்தா... நாற்காலியில உக்காந்தபடியே, கண்ணு ரெண்டும் கடலைப் பாத்தபடியே, போயிட்டா ஐயா."

சொல்லிவிட்டு அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். தன் பொய்க்குத் தானே முதல் ஆளாக அழுதுவிடுவது அவனுடைய பழைய பலவீனம்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. டூகலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இந்த வீட்டைப் பத்திச் சின்ன வயசுல இருந்து எவ்வளவோ கேட்டிருக்கேன் தம்பி. இப்படி ஒருத்தரும் சொன்னதில்ல."

டூகல் மர்டினாவைத் திரும்பிப் பார்த்து, கேட்டாயா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினான். மர்டினா பின்னலை மடியில் வைத்துவிட்டு, உள்ளங்கையை விரித்து அவனை நோக்கி நீட்டினாள். தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து டூகல் அதில் வைத்தான். அவள் கை நீண்டபடியே இருந்தது.

ஹாரன் மறுபடி அலறியது. இந்தத் தடவை நிற்கவே இல்லை.

"இதை அவங்க கிட்டயும் நீங்க சொல்லணும்," என்றார் பெரியவர். "ஒரு வரி விடாம. அந்தப் படுபாவி கடுதாசி போடாததையும் சேத்து."

"தாராளமா ஐயா. யாரு, உங்க வீட்டம்மாவா?"

"எங்கம்மா தம்பி. நாப்பது வருஷம் அந்த ஜன்னல்ல காத்திருந்து செத்துப்போனவங்க, இன்னும் காக்க வைக்காதீங்க, வாங்க."