முப்பத்தாறு படமும் ஒரு மணல்துகளும்

பாலைவனத்துத் தூசிக்குப் பயந்து, புகைப்படக்காரர் கேமராவின் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தார். புது ஃபிலிம் மாட்டும்போதுகூடத் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் மாட்டினார். அப்படியும் ஒரு மணல்துகள் உள்ளே நுழைந்துவிட்டது.

இருட்டில் அது மேலே உரசியதும் ஃபிலிமுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“ஏய், தள்ளிப் போ! நீ இங்க இருந்தா தலையிலிருந்து கால்வரைக்கும் எனக்குக் கோடு விழும். அப்புறம் என்னை யார் மதிப்பாங்க?”

“ஒரே ஒரு தடவை வெளியே பார்த்துட்டுப் போயிடறேன் அக்கா,” என்று மணல் கெஞ்சியது.

“பாலைவனத்துலயே பொறந்த உனக்கு அங்க பார்க்க என்ன இருக்கு?”

“எங்க பார்த்தேன்? எப்பவும் எனக்கு மேல நூறு பேர், கீழ நூறு பேர்.”

ஃபிலிம் பதில் சொல்வதற்குள் ஷட்டர் திறந்தது. கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. அதற்குள், வெயிலில் கொதிக்கும் மணல்மேடுகள், அலைக்குப் பின் அலையாக, முடிவே இல்லாமல். அவற்றுக்கு மேலே அத்தனை பெரிய வானம். ஒரு மேட்டின் விளிம்பில் எறும்பு போல ஓர் ஒட்டகம். மறுபடியும் இருட்டு.



“அக்கா,” என்றது மணல் மெதுவாக. “இவ்வளவா நாங்க?”

அப்போது லீவர் சுழன்றது. ஃபிலிம் அடுத்த படத்துக்கு நகர, மணலின் முனை அதன்மேல் நீளமாகக் கீறியது.

மணல் பதறிப்போனது. “ஐயோ, மன்னிச்சிடு அக்கா! எங்கயாவது மூலையில ஒதுங்கிடறேன்.”

கீறிய இடம் ஃபிலிமுக்குக் காந்தியது.

“பேசாம அங்கயே இரு,” என்றது. “இன்னும் முப்பத்தஞ்சு படம் இருக்கு.”