ஏழு வாளித் தண்ணீர்

“மருந்துக்கும் இரக்கம் இல்லையடா அந்த மனுசிக்கு!”

பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன ஞானமணி, பாணை மறந்து வெறுங்கையோடு வந்து மகன் லோஜனிடம் பொரிந்து தள்ளினாள்.

“ஆரைச் சொல்லுறீங்கள்?”

“முன்வீட்டு உம்மு குல்சுமைத்தான். ஒரு தெருநாயும் மூண்டு குட்டியும் அவையின்ர விறாந்தையில ஒதுங்கிக் கிடக்குதுகள். விடிய வெள்ளன இவ வாளி வாளியாத் தண்ணி ஊத்துறா. அதுகள் வாலைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடுதுகள். நேற்றும் பார்த்தனான். இண்டைக்கும் அதே கூத்து!”

புயல் போன பிறகும் லிங்கநகரில் காற்று அடங்கவில்லை. எங்கேயோ மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தனவாம் என்று ஊரெல்லாம் ஒரே கதை. வெயிலையே கண்டு வளர்ந்த சனத்துக்கு, எவ்வளவு குளிர்ந்தால் ஆபத்து என்று எப்படித் தெரியும்? ஞானமணிக்கு மட்டும் ஒரு கணக்கு இருந்தது.

“சுவெட்டர் போட்ட எனக்கே கிடுகிடெண்டு நடுங்குது. அப்ப அதுகளுக்கு எப்பிடி இருக்கும்?”

அவளுடைய வளர்ப்பு நாய் ஜிம்மி, லோஜனின் பழைய சுவெட்டருக்குள் புகுந்து, கதிரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

“அந்த வீட்டாக்களுக்கு நாய் பட்டா ஆகாது அம்மா. பேசாம விடுங்கோ.”

“ஆகாட்டி? அதுவும் உயிரெல்லோ! அந்தச் சின்னக் குட்டி இண்டைக்குத் தப்பாது. நான் கேக்கத்தான் போறன்.”

ஞானமணி சொன்னால் சொன்னதுதான். விறுவிறென்று போய் முன்வீட்டு முற்றத்தில் நின்றாள்.

“குல்சும், நிப்பாட்டுங்கோ! பச்சைக் குட்டியளைத் தண்ணி ஊத்தி விரட்டுறீங்களே, மனச்சாட்சி இல்லையே?”

உம்மு குல்சும் வாளியை இறக்கி வைத்தாள். விரல்கள் ஊறி வெளிறிப் போயிருந்தன.

“விரட்டவா? அந்தா பாருங்க அக்கா.”

பின்பக்க விறகுக் கொட்டிலில், தடித்த சாக்கின் மேல் நாய் படுத்திருந்தது. குட்டிகள் மூன்றும் முண்டியடித்துப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

“புள்ளைகள் குர்ஆன் ஓத வருவாங்க. அதுக்குள்ள விறாந்தையைக் கழுவணும். கொட்டில் ஒழுகும், ராவைக்கு அங்க விட ஏலாது. புள்ளைகள் போனதும் திரும்ப இங்கதான் படுக்கும்.”

“கழுவுறதுக்கு ஏன் இத்தனை வாளி?”

“நாய் ஈரத்தோட படுத்த இடத்தை நாங்க ஏழு தரம் கழுவணும் அக்கா. அதில ஒரு தரம் மண் கலந்த தண்ணி. அப்பதான் அதில இருந்து ஓதலாம்.”

ஞானமணி திகைத்துப் போனாள்.

“ஒவ்வொரு நாளும், இந்தக் குளிருக்க, ஏழு தரமோ? கேற்றைப் பூட்டியிருந்தா உங்களுக்கு இந்தப் பாடு இல்லையே!”

“பூட்டினா அதுகள் எங்க போற? முதல் நாள் உங்கட கேற்றடியிலதான் நிண்டு கத்தினதுகள். அது பூட்டிக் கிடந்திச்சு. பொறகுதான் இங்க வந்ததுகள்.”

குல்சும் குத்திக்காட்டவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். ஆனால் ஞானமணிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டதுதான். எழும்பிப் போய்ப் பூட்டை இன்னொருக்கா இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, ஜிம்மிக்குப் போர்த்திவிட்டுப் படுத்தவள் அவள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

“இண்டையில இருந்து அதுகள் எங்கட முன்வாசல் போட்டிக்கோவில படுக்கட்டும் குல்சும். நீங்கள் ஏழு தரம் கழுவோணும். எங்களுக்கு ஒருக்காக் கூட்டினாப் போதும். அந்த ஒருக்காவுக்கும் பஞ்சிப்பட்டு, சோம்பலிலதான் நான் கேற்றைப் பூட்டினனான்!”