சுற்றுக்கு விட்ட முட்டை

ரேஷனில் கொடுத்த, கண்ணும் வாயும் வைத்த சத்துத் தட்டு தினமும் தன்மேல் ஒரு முட்டையைப் பார்த்தால்தான் வீட்டு அரிசிப் பெட்டி திறக்கும். தினம் வீட்டுக்கொரு முட்டைக்கு யாரிடம் வசதி இருக்கிறது? அதனால் ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடிக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து, திங்கட்கிழமைதோறும் ஒரே ஒரு முட்டையை வாங்கி அவித்து, ஓட்டோடு வீடு வீடாகச் சுற்றுக்கு விட்டன. ஒவ்வொரு வீட்டிலும் தட்டு அதைப் பார்த்து, முட்டையின் பெருமையை ஒரு பாட்டம் பேசிவிட்டுப் பெட்டியைத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முட்டை நாறிவிடும். மரியாதையோடு புதைத்துவிடுவார்கள்.

இந்தத் திங்கட்கிழமை முட்டை முதலில் பிலோமினா வீட்டுக்கு வந்தது. அவள் உலை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் ஜெனியின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"அடிப்பாவி! எல்லாரோட முட்டையடி அது!"

வாசலில் பக்கத்து வீட்டு ஷகிலா முட்டைக்காகக் கிண்ணத்தோடு நின்றாள். பிலோமினா அவசர அவசரமாக ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, பழைய சோற்றுப் பருக்கையால் ஒட்டித் தட்டில் வைத்தாள்.

"அருமை! புரதம் நிறைந்த முட்டை!" என்றது தட்டு. பெட்டி திறந்தது.

ஷகிலாவின் முகம் மலர்ந்தது. "அக்கா, வெறும் ஓடுதானே, இது நாறவே நாறாதே! வருஷம் பூரா வருமே!" என்று ஓட்டைப் பூப்போல ஏந்திக்கொண்டு போனாள்.

பிலோமினா மகளை அடிக்கக் கை ஓங்கினாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முட்டையின் சத்துகளை ஒப்பிக்கும் ஜெனி, விரலில் ஒட்டியிருந்ததை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள மஞ்சளா இருக்கும்னு அந்தத் தட்டு சொல்லவேயில்லியேம்மா."