பேபி விட்ட பிழை

“அன்ரி, வீடு விக்கேக்க எங்கட சனம் விடுற முதல் பிழை உதுதான்.” கார் விடும் கராச்சுக்குள் இருந்த மீன் பொரிக்கும் அடுப்பைக் காட்டினான் வீட்டு ஏஜென்ட் கஜீவன். “ரெண்டாவது உந்தக் கறிவேப்பிலை மரம். மூண்டாவது குசினி மணம். வாற ஆக்களுக்கு இது தமிழ் வீடு எண்டே தெரியக்கூடாது.”

“அப்ப உதுகளை என்ன செய்யிறது, தம்பி?” என்றாள் பேபி.

“நானே கொண்டுபோய் எறியிறன்.”

சொன்னபடியே அடுப்பையும் மரத்தையும் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நீலப் பெயின்ட் வாளியில் நட்டு, ஏழு பனிக்காலம் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய மரத்தைக் கொடுக்கும்போது மட்டும் பேபிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கனடாவின் பிக்கரிங் நகரிலேயே இப்படியொரு தங்கமான பெடியன் இல்லை என்று மெச்சினாள். வீடு மணக்கக்கூடாதென்று அவளும் கணவர் நவரட்ணமும் இரண்டு கிழமை பாணும் ஜாமும் தின்றே உயிர் வாழ்ந்தார்கள்.

சனிக்கிழமை வீடு பார்க்க வந்தவள் நிலாணி என்ற தமிழ்ப் பெண். சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“வடிவான வீடுதான், அன்ரி. ஆனா ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு. நாங்கள் அடுத்த தெரு வீட்டையே எடுக்கிறம். அங்க கராச்சுக்குள்ள மீன் பொரிக்க அடுப்பு, கறிவேப்பிலை மரம், எல்லாத்தோடயும் தருகினம். இதையும் ஒருக்காப் பாத்திட்டு முடிவெடுங்கோ எண்டு கஜீவன் அண்ணைதான் அனுப்பினவர்.”

“அது ஆரின்ர வீடு, பிள்ளை?”

“அவரின்ர சொந்த வீடுதான்.”

பேபி நவரட்ணத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“மரம் நீலப் பெயின்ட் வாளிக்குள்ளயோ நிக்குது?”

“ஓம் அன்ரி. நீங்களும் அந்த வீடு பாக்கப் போனனீங்களோ?”