கிட்டாரின் கனம்

ஊரே மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்த ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், பதினைந்து வயது அகத்தாவுக்குக் கிட்டார் பைத்தியம் பிடித்திருந்தது. கிறிஸ்மஸ் பாட்டுக்கு வாசித்தே தீர வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய கிட்டார் ஒன்று வீட்டில் இருந்தது. ஆனால் அதன் கழுத்து வளைந்துபோய், தொட்டாலே விரல் புண்ணாயிற்று.

அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, அவளும் தாய் கேதரினும் கோலா கெத்தில் பட்டணத்தில் இருந்த குழந்தைவேலுவின் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தார்கள்.

"சும்மா பார்த்துட்டுப் போறோம் அண்ணே. சுங்கை பட்டாணி பஸ்ஸைப் பிடிக்கணும்," என்ற கேதரின், மூட்டையைக் கீழே வைக்காமல் இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

அகத்தா முதல் கிட்டாரை எடுத்தாள். கை எட்டவில்லை. அடுத்ததில் கம்பிகள் உயரமாக நின்று விரலை அறுத்தன. மூன்றாவது சின்னது. மடியில் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்தது. தடவியதுமே பாடியது.

"புதுசா பழகுற புள்ளைக்கு இதான்லா சரி," என்றார் குழந்தைவேலு. "ஆனா ஜப்பான்காரன் அடிச்ச வாழைமர நோட்டெல்லாம் வேணாம். அரிசி இருந்தா பேசு."

"அரிசியா? கண்ணால பார்த்தே மாசக்கணக்காச்சு!" கேதரின் பதறியதில் மூட்டை சாய்ந்தது.

தரையில் வெள்ளை வெளேரென்று சில மணிகள் சிதறின. தாயும் மகளும் ஒரே நேரத்தில் குனிந்து பொறுக்கினார்கள்.

குழந்தைவேலு மூட்டையை வாங்கித் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். கிட்டாரின் துளையில் துணி அடைத்திருந்தது. அதன் ஓரத்தில் இன்னும் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தது.

"அடிப்பாவி! கிட்டாருக்குள்ள அரிசி கடத்துறியா? அதோ ஜப்பான்காரன் நிக்கிறான், கூப்பிடட்டா?"

"ஐயோ அண்ணே, தலைய வெட்டிருவான்! பொட்டப்புள்ளைய வச்சிருக்கேன்!"

அகத்தா அவர் காலில் விழப்போனாள்.

குழந்தைவேலு ஒன்றும் கல்நெஞ்சர் இல்லை. சோற்றை நினைத்து வாய்தான் ஊறியது. "சரி, சத்தம் போடாத. இதை இப்படியே வச்சிட்டு, அந்தச் சின்னதை எடுத்துக்கிட்டு ஓடு. நீ வரவும் இல்ல, நான் பார்க்கவும் இல்ல."

"புள்ளைங்க வயித்துக்கு வச்சிருந்தது அண்ணே..."

"போறியா, கூப்பிடவா?"

துணியைப் பிடுங்கப்போன அவர் கையைக் கேதரின் பிடித்துக்கொண்டாள். "இங்க கொட்டிடாதீங்க. அவன் பார்த்தா உங்க தலையும் போயிரும்."

நியாயமான பேச்சு. மூட்டை கல்லாவுக்கு அடியில் பத்திரமாகப் போயிற்று. கேதரின் முந்தானையால் வாயைப் பொத்தி விசும்பிக்கொண்டே வெளியேறினாள்.

தெருமுனை திரும்பியும் விசும்பல் நிற்கவில்லை. சின்னக் கிட்டாரை மார்போடு அணைத்திருந்த அகத்தா சிரித்தாள். "போதும்மா, கடையத் தாண்டிட்டோம். இன்னும் எதுக்கு நடிக்கிற?"

"நடிப்பா? உள்ள அடைச்சது பூரா ரப்பர் கொட்டைதான்னாலும், மேல தூவுன ஒரு பிடி நெசமான அரிசியாச்சேடி!"