முதல் கடி

"கடிச்ச நாயோட போட்டோ ரெண்டு வேணும்மா. நேரா பார்க்கிற மாதிரி ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு."

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார். தையல்காரரின் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள். விண்ணப்பம் கொடுக்காமல் கடிப்பதற்கு அந்த இடத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

"நேரா பாருன்னு சொன்னா பார்க்குமா சார் அது? இவர் கையை அது விட்டதே பெரிசுன்னு ஓடி வந்திருக்கோம்."

பக்கத்தில் நின்ற தையல்காரரின் வலது கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை கட்டுக்குள் இருந்தது. கத்தரிக்கோல் பிடித்து மூன்று வாரமாகிறது. தைத்த கால்சட்டையைக் கொடுக்கப் போன வீட்டில், கேட் கொண்டியைத் தூக்கிய கையை நாய் கவ்விவிட்டது. வீட்டுக்காரரோ, "எங்க நாய்க்குக் கடிக்கவே தெரியாது" என்று சாதித்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லவே ஒரு வக்கீலும் வைத்திருந்தார்.

நாளை காலை பத்து மணிக்கு நஷ்ட ஈட்டு வழக்கு. இவர்களுடைய வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த நாய் இதற்கு முன்பும் யாரையாவது கடித்தது என்று விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலகப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி இருந்தால் போதும், ஜெயித்துவிடலாம். இல்லையென்றால், 'கடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?' என்று வீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார். தையல்காரரால் பதிலுக்குக் கையை விரிக்கக்கூட முடியாது.

"போட்டோ எல்லாம் எதுக்கு சார்? அந்த வீட்டு நாய் மேல பழைய புகார் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

"பார்க்கணும்னா ஃபாரம் கொடுக்கணும்மா. ரெண்டாவது கவுன்ட்டர்ல வாங்கி, மூணாவது கவுன்ட்டர்ல முத்திரை குத்தி, இங்க கொண்டு வரணும்."

"ரெண்டாவது கவுன்ட்டர்ல ஆளே இல்லையே?"

குமாஸ்தா எழுந்தார். நாலடி நடந்துபோய் இரண்டாவது கவுன்ட்டரில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா, என்ன வேணும்?"

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இப்ப நான் சிரிக்கவா, அழவா?"

"முதல்ல ஃபாரத்தை வாங்கு. எதுன்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

வாங்கினாள். பேனாவைத் திறந்தாள்.

"நீங்க எழுதக் கூடாதும்மா. கடிபட்டவர் கைப்பட எழுதணும்."

"கடிபட்டதே அந்தக் கைதான் சார்!"

"இடது கையால எழுதலாம். அதுக்குத் தடையில்ல."

தையல்காரர் இடது கையால் எழுதினார். காதும் மூக்கும் இல்லாத எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே தவழ்ந்தன. 'நாயின் குணம்' என்ற இடத்துக்கு மனைவி சொன்ன சொல்லை அரசாங்கக் காகிதத்தில் எழுதத் தயங்கி, 'சுமார்' என்று போட்டார். 'கடித்த காரணம்' என்ற இடத்தில், 'நாயைத்தான் கேட்க வேண்டும்' என்று முடித்தார்.

குமாஸ்தா மூன்றாவது கவுன்ட்டருக்குப் போனார். மை காய்ந்திருந்தது. முத்திரையை ஊதினார், குத்தினார், தேய்த்தார். காகிதத்தில் முத்திரையின் பாதி விழுந்தது. மீதிப் பாதி விழும்வரை குத்திவிட்டு முதல் கவுன்ட்டருக்குத் திரும்பினார்.

"போட்டோ?"

"சார்!" என்றாள் அவள். அந்தக் குரலுக்குக் கடித்த நாயே உட்கார்ந்திருக்கும்.

"சரி, சரி. போட்டோ பின்னாடி கொடுங்க."

பதிவேட்டைத் திறந்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பக்கம் புரண்டது. மறுபடி இறங்கியது. கணவனும் மனைவியும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லம்மா."

"நல்லாப் பாருங்க சார்."

"பார்த்தாச்சு. அந்த விலாசத்துல நாய்க்கு லைசென்ஸ் இருக்கு. புகார் ஒண்ணுகூட இல்ல. பதிவேட்டுப்படி இவரோடதுதான் முதல் கடி."

"அப்ப முதல் கடி இலவசமா? சாம்பிளா?"

"சட்டம் நான் போடலம்மா."

அதுவரை பொறுமையாக இருந்த தையல்காரர் கவுன்ட்டர்மேல் கட்டுப் போட்ட கையை வைத்தார்.

"கட்டைவிரல் இனிமே சரியா மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு சார். ஊசியில நூல் கோக்க இவளைக் கூப்பிடறேன். எத்தனை நாளைக்குக் கூப்பிடறது? அந்தத் தெருவுல பேப்பர் போடறவர், பேப்பரை ரோட்டுல இருந்தே வீசிட்டு சைக்கிளை மிதிக்கிறாரு. அப்படிப்பட்ட நாய் இதுவரைக்கும் ஒருத்தரைக்கூடக் கடிக்கலைன்னா, நம்பற மாதிரியா இருக்கு?"

குமாஸ்தா பதிவேட்டை மெதுவாக மூடினார்.

"கடிச்சிருக்கு. போன வருஷம்."

"யாரை?"

"லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கப் போன என்னை. வீட்டுக்காரர்தான் ஓடி வந்து வாயைப் பிரிச்சு விட்டாரு."

அவள் கவுன்ட்டரை ஓங்கித் தட்டினாள்.

"அடப்பாவி மனுஷா! அன்னைக்கே ஒரு புகார் எழுதிக் கொடுத்திருந்தா இவருக்கு இன்னைக்கு நஷ்ட ஈடு கிடைச்சிருக்குமே! ஏன் கொடுக்கல?"

குமாஸ்தா பெருமூச்சு விட்டார்.

"இந்த ஆபீஸ்ல யாரும்மா அலையறது?"