புழுதிப் புகார்

ராபியா அக்கா அந்தத் திங்கட்கிழமையும் சிவகங்கைக்கு பஸ் ஏறிவிட்டார். கையில் மனு. எங்களுக்கு எதிராக.

இது பதினோராவது.

கோட்டையூர் கண்மாய்க்கரைப் பொட்டலில் எட்டு வருஷமாக நாங்கள் கபடி ஆடுகிறோம். பெண்கள் குழு. மாவட்ட அளவில் இரண்டு கோப்பை. உடை மாற்ற மட்டும் இன்னும் கருவேலஞ்செடி மறைவுதான்.

பொட்டலை ஒட்டி ராபியா அக்காவின் தையல்கடை. நாங்கள் கபடி பாடிப் போனால் அவர் தைக்கும் ஜாக்கெட்டில் புழுதி விழுகிறதாம். அரசு நிலத்தை ஆக்கிரமித்துவிட்டோமாம். கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் வாரம் தவறாமல் கொடுத்துவிட்டு, ரசீதோடு வருவார்.

எங்களுக்கு வயிறு எரிந்தது. எம்.எல்.ஏ. நிதியில் ஆடுகளமும் உடை மாற்றும் அறையும் கட்டித் தர ஒப்புக்கொண்டிருந்தார்கள். மார்ச்சுக்குள் இடத்தை அளந்த சான்று வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

அளந்து கொடுங்கள் என்று எங்கள் கோச் அய்யப்பன் சார் மூன்று வருஷமாகத் தாலுகா ஆபீஸுக்கு நடக்கிறார். அங்கே கிளார்க், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒரே பாட்டு: "பைலு மேல போயிருக்கு சார்." அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது.

இதற்கு நடுவில் அக்காவின் மனு வேறு. கேப்டன் சாலா நேரில் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். ஒரு பொம்பளையே பொம்பளப் புள்ளைகளுக்கு இப்படிச் செய்யலாமா என்று கேட்டாளாம். அக்கா மெஷினை மிதிப்பதை நிறுத்தவே இல்லையாம்.

அன்றிலிருந்து ஆட்டம் முடிந்ததும் என் கச்சேரி. இஞ்ச் டேப்புக்குப் பதில் ஷூ லேஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அக்கா மாதிரியே மூக்கால் பேசுவேன்.

"கலெக்டரய்யா, இங்குட்டுப் புழுதி, அங்குட்டுப் புழுதி, என் ஊசிக் காதுக்குள்ளயும் புழுதி."

கடைக்குக் கேட்கிற மாதிரிதான்.

பதினோராவது மனு போன அந்த வாரம் வியாழக்கிழமை ஜீப் வந்தது. சர்வேயர், வருவாய் ஆய்வாளர், அளக்கிற சங்கிலி. தொலைந்தோம் என்று ஓரமாக நின்றோம். அளந்தார்கள். நாலு மூலையிலும் கல் நட்டார்கள். எங்களிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள்.

பத்து நாளில் விசாரணை அறிக்கை வந்தது. எங்களுக்கும் ஒரு நகல்.

'மேற்படி இடம் அரசுப் புறம்போக்கு. பரப்பு அறுபது சென்ட். எட்டு ஆண்டுகளாக மகளிர் கபடிக் குழு விளையாட்டுக்கு மட்டுமே பயன்படுத்தி வருகிறது. ஆக்கிரமிப்பு ஏதுமில்லை. மனு தள்ளுபடி.'

அய்யப்பன் சார் இரண்டு தடவை படித்தார். நிதிக்கு இந்தத் தாள் ஒன்றே போதும் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நகலைத் தூக்கிக்கொண்டு நேரே தையல்கடைக்குப் போனேன். அக்காவின் குரலிலேயே, மூக்காலேயே சொன்னேன்.

"தள்ளுபடி ஆயிருச்சாம்லக்கா."

அக்கா தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டினார். சர்வே நம்பரில் விரல் வைத்துப் படித்தார். கையெழுத்து இருக்கிறதா, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பத்திரமாக மடித்து என்னிடமே கொடுத்தார்.

"எடத்தை அளந்து குடுங்கன்னு மூணு வருசமாக் கேட்டீக, ஒருத்தரும் வரலை. இவளுகளை வெரட்டுங்கன்னு கேட்டேன், பதினோராவது வாரம் சங்கிலியோட வந்துட்டாக."